வன்னிக் கூத்தரங்கில் உறவும் வழக்கும்



மாலை மயங்கி விளக்கேற்றும் வேளையில், நம் இல்லங்கள் பலவற்றில் தொலைக்காட்சிப் பெட்டியும் ஒளிவிடத் தொடங்குகின்றது. தொடர்நாடகம் பார்ப்பதற்காகச் சமையலை முந்தி முடித்துவைப்போர் உளர். அந்த வேளையில் விருந்தினர் வரின் முகங்கோணுவோரும் உளர். 1999 ஆம் ஆண்டின் இறுதியிலே தொடங்கிய ‘சித்தி’, 2002 இல் வந்த ‘மெட்டி ஒலி’, 2003 முதல் 2009 வரை நீண்ட ‘கோலங்கள்’ முதலிய தமிழகத் தொடர்கள் கடல் கடந்து நம் நாட்டு இல்லங்களிலும் புகுந்தன. இவற்றின் கதையமைப்பை உற்று நோக்குவோமாயின் மூன்று கூறுகள் தவறாது தோன்றுவதைக் காணலாம். ஒன்று, மயங்கிய உறவு. இரண்டு, சொத்துப் பிணக்கு. மூன்று, காவல் நிலையமும் வழக்குமன்றமும்.

இவை காலக்கேட்டின் விளைவு என்றும், நம் முன்னோர் இத்தகைய கதைகளை அறிந்திலர் என்றும் சிலர் வருந்துவர். வருத்தம் நியாயமானதாயினும் வரலாறு அவ்வாறு கூறவில்லை. உறவுச் சிக்கலையும் நீதிமன்ற வழக்கையும் ஒன்றாகப் பின்னி, இரவு முழுவதும் ஊர் கூடியிருந்து பார்க்கும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. அதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்னும் பகுதிகளை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலத்தின் கூத்துக்களரியை நோக்கினாற் போதும்.

வன்னியிலே பெரிதும் விரும்பி ஆடப்பட்ட கூத்துகளுள் இரண்டினை இங்கு எடுத்துக்கொள்வோம். ஒன்று கோவலன் கூத்து. முல்லைத்தீவுப் பகுதியில் இது தனக்கெனத் தனியொரு பாணியிலே வளர்ந்தமையால் ‘முல்லைமோடி’ எனப் பெயர் பெற்றது. மற்றையது காத்தவராயன் கூத்து. சிந்துநடைப் பாடல்களாலே அமைந்த இக்கூத்து, யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மாரியம்மன் கோயில்களை ஒட்டி நேர்த்திக்கடனாக ஆடப்பட்டு வந்தது. ஒன்றிலே கணவன் குற்றமின்றிக் கொலையுண்கிறான். மற்றொன்றிலே காதலன் கழுமரம் ஏறுகிறான். இரண்டின் நடுவிலும் ஒரு தீர்ப்பு நிற்கின்றது.

முதலிற் கோவலன் கதையை நோக்குவோம். முல்லைத்தீவுக்கு அணித்தாக, நந்திக்கடல் ஓரத்திலே, வற்றாப்பளைக் கண்ணகியம்மன் கோயில் அமைந்துள்ளது. மதுரையை எரித்த பின்னர்க் கண்ணகி ஈழநாட்டுக்கு வந்து பல இடங்களிலே தங்கினாள் என்றும், பத்தாவதாகத் தங்கிய பளை ஆதலின் ‘பத்தாம்பளை’ என வழங்கிய பெயரே பின்னர் ‘வற்றாப்பளை’ ஆயிற்று என்றும் ஐதிகம் கூறும். முதியவளாக வந்த அம்மன், மாடு மேய்க்கும் சிறுவரிடம் பசியென்று கூறப் பொங்கலிட்டனர் என்பதும், விளக்குக்கு நெய்யின்றிக் கடல்நீரை வார்த்து எரித்தனர் என்பதும், அவள் தலையிற் பேன் பார்த்த சிறுவர் ஆயிரங் கண்களைக் கண்டு திகைத்தனர் என்பதும் அவ்வூர்க் குழந்தைகளும் அறிந்த கதை. அதன் நினைவாகவே வைகாசிப் பொங்கலின்போது கடல்நீரில் விளக்கெரிக்கும் வழக்கம் இன்றும் போற்றப்படுகின்றது.

கண்ணகி கதையைப் பாடும் ஈழத்து நூல் ஒன்று, மட்டக்களப்பிற் ‘கண்ணகி வழக்குரை’ எனவும், யாழ்ப்பாணத்திற் ‘கோவலனார் கதை’ எனவும், வன்னியிற் ‘சிலம்பு கூறல்’ எனவும் வழங்கிவந்தது. வித்துவான் வி. சீ. கந்தையா அவர்கள் இதனை ஆராய்ந்து 1968 ஆம் ஆண்டிலே பதிப்பித்தார். நேயர்களே, இந்தப் பெயர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஓர் இடத்திலே கணவன் பெயரால் நூல் வழங்கியது. ஓர் இடத்திலே வழக்கின் பெயரால் வழங்கியது. வன்னியிலோ சாட்சிப் பொருளாகிய சிலம்பின் பெயரால் வழங்கியது! சிலப்பதிகாரத்தின் முப்பது காதைகளுள் இருபதாவதாகிய வழக்குரை காதையே நம் நாட்டு மக்களின் நெஞ்சில் முதலிடம் பெற்றது என்பதற்கு இப்பெயர்களே போதிய சான்றாம்.

ஈழத்து மரபு இந்தக் கதையிலே உறவுச் சிக்கலையும் ஒருபடி மிகுத்தது. இளங்கோவடிகளின் காவியத்திற் கண்ணகி, புகார் நகரத்து வணிகன் மாநாய்கனின் மகள். கண்ணகி வழக்குரையிலோ அவள் மாங்கனியில் தோன்றியவள். பாண்டியன் மனையிலே கிடைத்த அக்குழந்தையால் நாட்டுக்குக் கேடு வரும் எனக் கேட்டு அஞ்சிப் பேழையில் வைத்துக் கடலில் விட்டனர். அப்பேழை புகார் வணிகரின் கையை அடைந்தது. எனவே வளர்ந்தபின் மதுரை மன்றத்திலே அவள் வழக்குரைப்பது, தன்னைக் கைவிட்ட மனையின் தலைவன் முன்னிலையிலாகும். தொலைந்த குழந்தை, வளர்ப்புத் தந்தை, இனம் அறியாது எதிர்நிற்கும் உறவு ஆகிய இவற்றையெல்லாம் தொடர்நாடக ஆசிரியர்கள் தாமே கண்டுபிடித்ததாக எண்ணுவராயின், அவர்கள் நம் அண்ணாவிமாரிடம் சற்றே பணிதல் நன்று.

இனி, கோவலன் வழக்கை வழக்கறிஞர் கண்கொண்டு நோக்குவோம். பாண்டிமாதேவியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். அவனிடமே கோவலன் கண்ணகியின் சிலம்பை விற்கச் செல்கிறான். தன் களவை மறைக்க நல்வாய்ப்பெனக் கருதிய கொல்லன், கள்வன் அகப்பட்டான் என அரசனிடம் கூறுகிறான். ஆகவே குற்றஞ்சாட்டியவனும் அவனே. ஒரே சாட்சியும் அவனே. உண்மைக் கள்வனும் அவனே. அரசனோ குற்றஞ்சாட்டப்பட்டவனை அழைத்து ஒரு சொல்லும் கேட்டானில்லை. கையிலே சிலம்பு இருப்பின் கொன்று கொண்டுவருக என்று ஆணையிட்டுவிட்டான். காவலர்களேனும் ஐயுறவில்லையா எனின், ஐயுற்றனர். கோவலனின் தோற்றத்தைக் கண்டு, இவன் கள்வனல்லன் என அவர்கள் தயங்கினர். கொல்லன் களவுநூல் பேசி அவர்கள் வாயை அடைத்தான். அறிவில்லாத ஒருவனின் வாள் முந்திக்கொண்டது.

அரசன் ஏன் இத்துணை விரைந்தான்? இங்கேதான் இளங்கோவடிகளின் நுண்மதி புலனாகின்றது. ஆடல் மகளிரின் கூத்தை அரசன் உவந்து நோக்கினான். அது பொறாத அரசி தலைவலி எனக் கூறி எழுந்து சென்றாள். அவளுடைய ஊடலைத் தணிக்க அரசன் விரைந்து செல்லும் வழியிலே கொல்லன் எதிர்ப்பட்டான். மன்னனின் மனம் மனையாளிடம் இருந்தது, வழக்கிலே இல்லை. கதையின் தொடக்கத்தையும் நோக்குக. கடற்கரையிலே யாழிசைத்துப் பாடிய பாடல்களின் பொருளைத் தவறாக விளங்கிக் கோவலனும் மாதவியும் பிரிந்தனர். அந்த ஊடலாற் கோவலன் மதுரைக்கு வந்தான். இந்த ஊடலால் உயிரிழந்தான். இரண்டு ஊடல்களின் இடையிலே அகப்பட்டு நசுங்கியவள், ஊடலே அறியாத கண்ணகி. இல்லறத்துப் பிணக்கு எவ்வாறு நீதியின் துலாக்கோலைச் சாய்த்துவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேறில்லை.

மாதவியைப் பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். இன்றைய தொடர்களிலே இரண்டாமவள் பெரும்பாலும் நஞ்சு கலப்பவளாகவும் சூழ்ச்சி செய்பவளாகவும் வருகின்றாள். காவியத்து மாதவி அத்தகையவள் அல்லள். அவள் எழுதிய மடலைப் படித்த கோவலன், அவள்மீது தவறில்லை, தவறு தன்னுடையதே எனத் தெளிகின்றான். கண்ணகியும் மாதவியும் நேருக்கு நேர் நின்று ஏசிக்கொள்ளும் காட்சி காவியத்தில் எங்கும் இல்லை. ஒரு பெண்ணின் துன்பத்துக்கு மற்றொரு பெண்ணையே காரணமாக்கும் எளிய வழியை இளங்கோவடிகள் நாடவில்லை. இன்று கதை புனைவோர் இதனைக் கருதுதல் நலம்.

இக்கதை நம் நாட்டுச் சட்டத்தின் கீழ் நிகழ்ந்திருப்பின் எவ்வாறாகும்? 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச்சட்டம் மணமுறிவுக்கு மூன்று காரணங்களை வகுத்தது. பிறர்மனை நாடுதல் ஒன்று. வன்மத்துடன் கைவிட்டுச் செல்லுதல் மற்றொன்று. மணக்காலந்தொட்டே உள்ள தீராத ஆண்மையின்மை மூன்றாவது. முதலிரண்டு காரணங்களும் கண்ணகியின் கையிலே இருந்தன. ஆயினும் அவள் அந்த வழக்கைத் தொடுக்கவில்லை. தன்னிடம் எஞ்சியிருந்த சிலம்பைக் கொடுத்து, மீண்டும் வாழத் தொடங்கினாள். தனக்கு இழைத்த தவறுக்காக மன்றேறாத அவள், கணவனுக்கு இழைத்த அநீதிக்காக மன்றேறினாள்.

அந்தச் சிலம்பு யாருக்குரியது என்னும் வினாவும் வன்னி மக்களுக்குப் புதியதன்று. ஒல்லாந்தர் ஆட்சியிலே, 1707 ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி வடபுலத் தமிழரின் வழக்காறுகளைத் தொகுத்தார். அதுவே தேசவழமை. ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டில் அதற்கு முழுச் சட்டவலுவும் அளித்தனர். முதுசொம், சீதனம், தேடிய தேட்டம் எனச் சொத்தை மூவகையாகப் பகுத்தது அந்நூல். பின்னர் 1911 ஆம் ஆண்டிலே இயற்றப்பட்ட கட்டளைச்சட்டம், மனைவியின் சொத்து அவளுக்கே தனியுரிமை எனக் கூறிற்று. ஆயின் காணி, வீடு போன்ற அசையாச் சொத்தைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அவள் கைமாற்றுதலைத் தடுத்தது. சிலம்பு அசையும் சொத்து. எனவே அதனைக் கொடுக்கக் கண்ணகிக்கு எவருடைய சம்மதமும் தேவையில்லை. அவளிடம் சிலம்புக்குப் பதிலாக ஒரு காணித்துண்டு எஞ்சியிருந்திருப்பின், அதனை விற்பதற்குக் கோவலன் கையொப்பமிட வேண்டியிருந்திருக்கும்!

இது வெறும் வேடிக்கைக் கற்பனையன்று. 2009 ஆம் ஆண்டு மே மாதத்திலே போர் முடிவடைந்தபோது, அதன் இறுதிக் களமாக விளங்கியது நந்திக்கடலைச் சூழ்ந்த நிலமே. கணவனுக்கு யாது நேர்ந்தது என்று அறியாத பெண்கள் பலர் வன்னியிலே வாழலாயினர். சீதனக் காணியை ஈடுவைக்கவோ விற்கவோ விழைந்தவிடத்து, கையொப்பமிட வேண்டியவன் எங்கே என்னும் வினா எழுந்தது. கணவன் இருக்குமிடம் தெரியாதாயின் மாவட்ட நீதிமன்றை நாடி அவன் சம்மதத்துக்கு ஈடான கட்டளை பெறலாம் என்பது சட்டம். ஆயின் அதற்கும் ஒரு வழக்கு வேண்டும். 2010 ஆம் ஆண்டிலே காணாமற்போனோரின் இறப்பைப் பதிவதற்குத் தனிச் சட்டம் வந்தது. இறந்தான் என எழுதிக்கொடுக்க மனம் ஒப்பாத பெண்களுக்கு அது உதவவில்லை. ஆதலின் 2016 ஆம் ஆண்டிலே, காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்னும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. இறப்பென்றும் கூறாது, இருப்பென்றும் கூறாது, இல்லாமையை மட்டும் சான்றுபடுத்தும் தாள் அது.

2017 ஆம் ஆண்டு பெப்ரவரி 20 ஆம் நாள், கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிலே தாய்மாரும் மனைவியரும் அமர்ந்தனர். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அவ்வாறே அமர்ந்தனர். அவர்கள் கையிலே இருந்தவை நிழற்படங்கள். ஒற்றைச் சிலம்பு ஏந்தி வாயிலில் நின்ற ஒருத்தியின் கதையை வழிவழியாகக் கேட்டு வளர்ந்த மண்ணிலே, இக்காட்சியின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. வாயிலோன் உள்ளே சென்று அரசனுக்கு அறிவித்தான். அரசன் அவளை அழைத்து வினவினான். பெண்ணே நீ யார் என்று கேட்டான். தவறு செய்த பாண்டியனிடத்தும் இந்த நற்பண்பு ஒன்று இருந்தது. வழக்குரைக்க வந்தவளைக் காத்திருக்க வைத்தானில்லை.

வழக்கின் முடிவும் நாம் அறிந்ததே. கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோல் ஆகாது என்றான் அரசன். என் காற்சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள் கண்ணகி. எம்முடையது முத்து என்றான் அவன். சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது. ஆராய்ந்தறியக் கூடிய ஒரு சான்று, ஆராயாத ஆணையை ஒரு கணத்திலே வீழ்த்தியது. பாண்டியன் தன் பிழையை மறுக்கவில்லை. பிறர்மீது சாட்டவும் இல்லை. கள்வன் தானே எனக் கூறி உயிர்நீத்தான்.

காத்தவராயன் கதை வேறொரு வினாவை எழுப்புகின்றது. முத்துமாரியின் மகனாகிய காத்தவராயன், ஆரியமாலைமீது காதல் கொள்கின்றான். அந்தக் காதல் குலவரம்பைக் கடந்தது. தாய் தடுக்கின்றாள், செயற்கரிய செயல்களை விதித்து அவனைச் சோதிக்கின்றாள், மகன் பணிந்தானில்லை. தாய்க்கும் மகனுக்கும் இடையே நிகழும் வாதமே இக்கூத்தின் உயிர். உடுக்கும் ஆர்மோனியமும் ஒலிக்க, காத்தவராயனின் பிள்ளைப் பருவத்தை ஒருவரும் இளமைப் பருவத்தை வேறொருவருமாக ஆட, இரவு கழிகின்றது. கழுமரம் ஏறும் காட்சி வரும்போது விடியல் அணித்தாகிவிடும்.

கோவலன் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெற்றான். காத்தவராயனோ செய்ததை மறுத்தானில்லை; ஆம், விரும்பினேன் என்றான். எனவே கோவலன் வழக்கிலே பிழைத்தது விசாரணை; காத்தவராயன் வழக்கிலே பிழைத்தது சட்டமே. முன்னதற்குச் சான்று போதும். சிலம்பை உடைத்தால் உண்மை வெளிப்படும். பின்னதற்கு எந்தச் சிலம்பை உடைப்பது? ஊரின் மனமன்றோ உடைதல் வேண்டும்? சாதிக் குறைபாடுகளைக் குற்றமாக்கிச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தை நம் பாராளுமன்றம் இயற்றியது 1957 ஆம் ஆண்டிலே. அதற்கு முன்னும் பின்னும், குலம் பார்த்து மணம் பேசிய ஊர்களிலே, அதே ஊரவர் விடியவிடிய விழித்திருந்து காத்தவராயனுக்காகக் கண்ணீர் விட்டனர். பகலிலே காத்த வரம்பை இரவிலே கேள்விக்குட்படுத்தினர். கூத்தால் அந்த வரம்பு அழிந்துவிடவில்லை என்பது மெய்யே. ஆயினும் கேள்வி மறந்துபோகாமல் காத்தது கூத்தே.

கூத்து நலிந்தபோது அதனைப் போற்றிக் காக்க முன்வந்தோருட் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலையாயவர். 1960களிலே பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு அவர் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளை மேடையேற்றினார். இலங்கை வானொலியும் நாடகங்களாலே மக்களைத் தன்பாற் கூட்டியது; சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ போன்ற தொடர்நாடகங்களுக்காக அயலார் ஒரு வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்த காலம் உண்டு. 1982 ஆம் ஆண்டிலே ரூபவாகினி தொடங்கியது. போர்க்காலத்தில் மின்சாரம் இழந்திருந்த வன்னிக் கிராமங்களிலே, மீள்குடியேற்றத்தின் பின்னரே தொலைக்காட்சி பரவலாக இடம்பிடித்தது.

அவ்வாறாயின் கூத்துக்கும் இன்றைய தொடருக்கும் வேறுபாடு யாது? கருப்பொருளிலே பெரிய வேறுபாடில்லை. மயங்கிய உறவும் வழக்கும் இரண்டிலும் உண்டு. வேறுபாடு முடிவிலே உள்ளது. கூத்துக்கு விடியல் உண்டு. கிழக்கு வெளுக்குமுன் வழக்குத் தீர்ந்தாக வேண்டும்; மங்களம் பாடியாக வேண்டும். தொடர்நாடகத்து வழக்கோ, நீதிபதி வாய் திறக்கும் வேளையிலே விளம்பரத்துக்காக ஒத்திவைக்கப்படுகின்றது, மறுநாளும் ஒத்திவைக்கப்படுகின்றது. தீர்ப்பு வந்துவிடின் தொடர் முடிந்துவிடும். ஆதலின் தீர்ப்பு வராதிருத்தலே அதற்கு வாழ்வு. மேலும், கூத்தை ஊர் ஒன்றாக இருந்து பார்த்தது; கோவலன் செய்தது சரியா, முத்துமாரி செய்தது சரியா என மறுநாள் வயலிலும் கிணற்றடியிலும் வழக்குப் பேசியது. தொடரை ஒவ்வொரு வீடும் தனித்தனியே பார்க்கின்றது. பேச்சு எழுமுன் அடுத்த தொடர் தொடங்கிவிடுகின்றது.

நேயர்களே! ‘வழக்கு’ என்னும் தமிழ்ச் சொல்லுக்கு மரபு என்பதும் பொருள். முறையீடு என்பதும் பொருள். வன்னி மக்கள் இவ்விரு பொருளையும் பிரித்தறியாது வாழ்ந்தனர். முறையிடுதல் அவர்தம் மரபு. அம்முறையீட்டைச் சான்றுடன் நிறுவி முடிவு காணும்வரை ஓயாதிருத்தல் அவர்தம் கூத்து கற்பித்த பாடம். நம் தொடர்நாடக ஆசிரியர்கள் உறவுச் சிக்கல்களை எழுதட்டும், வழக்குகளையும் எழுதட்டும். ஆயின் குற்றஞ்சாட்டப்பட்டவனின் சொல்லைக் கேட்கும் மன்றத்தையும், வாயிலில் நிற்பவளைக் காத்திருக்கவிடாத அரசையும், என்றோ ஒருநாள் உறுதியாக வந்தே தீரும் தீர்ப்பையும் சேர்த்து எழுதுவார்களாக. வற்றாப்பளையிலே கடல்நீர் வார்த்த விளக்கு ஆண்டுதோறும் எரிகின்றது. அந்த ஒளியிலே வழக்குரைக்க வந்து நிற்போர் இன்னும் உளர்.